நீதிபதிகள் மீதான நடத்தைப் புகார்கள் (இந்தியா)

இந்தியாவில் நீதிபதிகளின் ஒழுங்கீனம் குறித்த புகார்களை விசாரிப்பதற்கென்று தனித்த, நிலையான அமைப்பு எதுவும் இல்லை. யார் மீது புகார் என்பதைப் பொறுத்து வழி மாறுகிறது.

கீழமை நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 235ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. திருச்சிராப்பள்ளி தில்லை நகரில் குடியிருக்கும் ஒருவர், அந்நகரின் நீதித்துறை நடுவர் மீது புகார் கூற விரும்பினால் சென்னை உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம். பிரமாணப் பத்திரமோ, சரிபார்க்கத்தக்க சான்றோ இல்லாத மொட்டைக் கடிதத்தின் மீது நடவடிக்கை இராது. தீர்ப்பு பாதகமாக அமைந்தது என்பதும் புகாராகாது. அதற்கு மேல்முறையீடு உண்டு. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றத்தின் வழியாகவே நீக்க முடியும். நீதிபதிகள் (விசாரணை) சட்டம், 1968 இன்படி மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையொப்பமிட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் மூவர் குழு விசாரிக்கும்.

இவ்வழியின் குறையை நீதிபதி வி. ராமசாமி வழக்கு காட்டியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அவர், பின்னர் பஞ்சாப்-அரியானா தலைமை நீதிபதியானபோது அரசு இல்லத்துக்கு அளவுமீறிச் செலவிட்டார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பி. பி. சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறியது. 1993 மே 11 அன்று மக்களவையில் 196 பேர் ஆதரித்து வாக்களித்தனர்; எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் தீர்மானம் தோற்றது. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு தேவை; காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர். குழு கண்ட முடிவை யாரும் மறுக்காமலே அவர் பதவியில் நீடித்து, 1994இல் ஓய்வுபெற்றார்.

பதவி நீக்கம் அளவுக்குப் போகாத தவறுகளுக்கு 1999இல் உச்ச நீதிமன்றம் உள்முறை விசாரணையை ஏற்றது. இதில் விசாரிப்பவர்களும் நீதிபதிகளே. அறிக்கை பொதுவாக வெளியிடப்படுவதில்லை. புகார் கொடுத்தவருக்கும் அதைப் பெறும் உரிமை இல்லை. இங்கிலாந்திலோ ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான நீதிபதியின் பெயரையும் காரணத்தையும் நீதித்துறை நடத்தை விசாரணை அலுவலகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது.

உயர் நீதிமன்ற நீதிபதிகள் மீதான ஊழல் புகார்களைத் தான் விசாரிக்க முடியும் என்று லோக்பால் 2025 சனவரி 27 அன்று ஆணையிட்டது. நீதித்துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு இவ்வாறு உரிமை கோரியது, நீதித்துறையின் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வியை எழுப்பியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, பிப்ரவரி 20 அன்று அந்த ஆணைக்குத் தடை விதித்தது.