வலுக் குறைந்த கைகளுக்கு ஏற்ற வாகனம்



ஆண்டுதோறும் இம்மலருக்குத் திருத்தலங்களைப் பற்றியோ திருவிழாக்களைப் பற்றியோ எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு கார் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவினர் சிரித்தனர். ஆனால் கடந்த ஓராண்டாக வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பெண்மணிகள் என்னிடம் அதிகமாகக் கேட்டது, "டீச்சர், கை இப்படி இருக்கும்போது எப்படிக் கார் ஓட்டுகிறீர்கள்? நாங்களும் ஓட்டலாமா?" என்பதுதான். தனித்தனியே சொன்னதை எல்லாருக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன். பெருத்த திருமேனி கொண்ட பிள்ளையாருக்கே மூஞ்சூறுதான் வாகனம். ஆகவே சிறிய வாகனத்தைப் பற்றிக் கோயில் மலரில் எழுதுவது பொருத்தமற்றதாகாது என நம்புகிறேன்.

எனக்கு மூட்டு வாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் விரல்கள் மடங்கா. வலது தோளைக் காதுக்கு மேல் உயர்த்த முடியாது. என் கணவர் இருந்தவரை அவரே கார் ஓட்டினார். அவர் மறைந்தபின் அந்தக் கார் கூடாரத்தின் கீழ் அப்படியே நின்றது. ஒருநாள் நானே அதை எடுத்துப் பார்த்தேன். கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். கோலாலம்பூரில் உள்ள மகன், "அம்மா, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்" என்றான். இந்த மலையில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். கோயிலையும் லயத்தில் உள்ள பழைய மாணவர் குடும்பங்களையும் விட்டுப் போக மனம் வரவில்லை. எனக்கு ஏற்ற கார் ஒன்று கிடைக்குமா, இல்லையேல் ஊரை விட்டுப் போவதா என்ற நிலையில்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

நம் மலையும் நம் வாகனங்களும்

1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், 1933இல் தொடங்கிய பாரத் தோட்டமும் நம் கேமரன் மலையின் அடையாளங்கள். அத்தோட்டங்களில் நம் முன்னோர் கொழுந்து பறித்த காலத்தில் சொந்த வாகனம் என்பது எட்டாக் கனி. பின்னர் காய்கறித் தோட்டங்கள் பெருகியபோது லேண்ட் ரோவர் இந்த மலையின் வாகனம் ஆயிற்று. சேற்றிலும் செங்குத்திலும் அது ஏறும். ஆனால் பழைய லேண்ட் ரோவரின் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஓர் ஆண்மகனின் இரு தோள்களும் வேண்டும்.

1994 ஆகஸ்டில் பெரோடுவா நிறுவனம் கன்சில் காரை வெளியிட்டது. சருகுமானின் பெயர் கொண்ட அந்தச் சிறிய காரால், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காருக்கு உரிமையாளர் ஆயினர். பலத்தால் அன்றி அறிவால் முதலையை வென்ற சருகுமானின் மலாய்க் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் காருக்கு அப்பெயர் மிகவும் பொருந்தியது. கன்சிலின் உற்பத்தி 2009இல் நின்றது. அதற்கு முன்பே 2005இல் மைவியும், பின்னர் 2014இல் ஆக்சியாவும் வந்தன.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறிய கார் வேறு, இலகுவாக ஓடும் கார் வேறு. தொடக்கத்தில் வந்த 660 சி.சி. கன்சில்களில் பவர் ஸ்டீயரிங் இல்லை. ஓடும்போது இலேசாக இருக்கும் அந்தக் கார், நின்ற இடத்தில் திருப்பும்போது வாதம் பிடித்த மணிக்கட்டைப் படுத்திவிடும். ஆகவே காரின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பலம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலத்தைக் கேட்கும் இடங்கள்

முதலாவது, ஸ்டீயரிங். மின் மோட்டார் துணையுடன் திரும்பும் ஸ்டீயரிங் 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்னும் சின்னஞ்சிறு காரில்தான் முதலில் வந்தது. இன்று சிறிய கார்களில் பெரும்பாலும் இதுவே உள்ளது. ஒரு விரலால் கூடத் திருப்பலாம். பழைய கார் வாங்குவோர் இது இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். டயரில் காற்றுக் குறைந்தால் எந்த ஸ்டீயரிங்கும் கனக்கும். நின்ற இடத்தில் திருப்பாமல், கார் மெல்ல நகரும்போது திருப்பினால் பாதிச் சுமை குறையும். விரல் மடங்காதவர்கள் சற்றுத் தடித்த உறையை ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டால் பிடிப்பது எளிது. அந்த உறை சுழலாமல் இறுகப் பொருந்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச். பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா வரை வாகனங்கள் ஊர்ந்து செல்வதை நாம் அறிவோம். அப்போது இடது கால் நூறு முறையாவது மிதிக்க வேண்டியிருக்கும். ஆகவே நம்மைப் போன்றோருக்கு ஆட்டோ கியரே ஏற்றது. புதிதாக உரிமம் எடுக்க விரும்பும் பெண்கள், ஆட்டோ கார் மட்டும் ஓட்டுவதற்கான 'டிஏ' பிரிவு உரிமம் எடுக்கலாம்.

மூன்றாவது, கைப்பிரேக். மேட்டில் நிறுத்தும்போது இதை இறுக இழுக்க வேண்டும். மணிக்கட்டு ஒத்துழைக்காதவர்கள் பொத்தானை அழுத்தினால் பிடிக்கும் வகை காரைத் தேடலாம். அது கிடைக்காவிட்டால் மிதிபிரேக்கை அழுத்திக்கொண்டே கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். அதன் பின்னரே கியரை 'பி'யில் போட வேண்டும்.

நான்காவது, இருக்கை. மிகத் தாழ்ந்த இருக்கையில் விழுந்து எழ வேண்டும். மிக உயர்ந்ததில் ஏற வேண்டும். பக்கவாட்டில் நின்றால் இருக்கை நம் இடுப்புக்குச் சற்றே கீழே இருப்பது நன்று. அமர்ந்தபின் முழங்கால் சற்று மடங்கிய நிலையிலேயே பிரேக் முழுவதும் அமுங்க வேண்டும். கதவைத் திறந்து மூடுங்கள், இருக்கை வாரைப் பூட்டிக் கழற்றுங்கள், பின்கதவை மேலே தூக்கிக் கீழே இறக்குங்கள். எனக்குப் பிடித்திருந்த ஒரு காரின் பின்கதவு என் தோளுக்கு எட்டவில்லை, அதை விட்டுவிட்டேன். சாவியைத் திருக முடியாதவர்களுக்குப் பொத்தானால் கிளப்பும் வகை உதவும். கழுத்தைத் திருப்ப முடியாதவர்களுக்குப் பின்புறக் கேமரா பேருதவி.

மலைச் சாலை கேட்பது

சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் செல்லும் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எதிரே வாகனம் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அகலம் குறைந்த கார் அங்கே வரப்பிரசாதம். 2014இல் வந்த ஆக்சியா ஏறக்குறைய 3.64 மீட்டர் நீளம். 2023இல் வந்த புதியது 3.76 மீட்டர். இரண்டும் ஒரு டன்னுக்கும் குறைவான எடை கொண்டவை. தோட்டத்துச் சாலையில் வண்டியைத் திருப்ப இந்த அளவு மிகவும் வசதி.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. ஆகவே சிறிய எஞ்சின் மேட்டில் முனகும். அதற்கு அஞ்ச வேண்டாம். எஞ்சினின் பலக்குறைவுக்குப் பொறுமை போதும். பின்னால் லாரிக்காரர் அவசரப்பட்டால், ஒதுங்க இடம் உள்ள இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். ஸ்டீயரிங் கனமாக இருந்தாலோ பொறுமை உதவாது; அது தினமும் வலியைத் தரும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் எஞ்சின் பலத்தை விட்டுக்கொடுங்கள்.

ஏற்றத்தை விட இறக்கமே ஆபத்தானது. தாப்பாவை நோக்கி இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே சென்றால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆட்டோ காரிலும் தாழ்ந்த கியர் உண்டு. சில கார்களில் அது 'எல்' அல்லது '2' என்றும், வேறு சிலவற்றில் 'எஸ்' அல்லது 'பி' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். 'பி' என்ற எழுத்து நிறுத்துவதற்கும் உள்ளதால், எது எது என்று விற்பவரைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும். காலுக்கும் வேலை குறையும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிச் செல்லும் பழக்கம் நம்மில் சிலருக்கு முன்பு இருந்தது. இக்காலக் காரில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங்கின் துணை போய்விடும். பிரேக்கின் துணையும் ஓரிரு மிதிகளோடு தீர்ந்துவிடும். பலமுள்ளவர் அப்போதும் முட்டிமோதித் தப்பலாம். நம்மால் முடியாது.

கார் ஈடுசெய்ய முடியாத ஒன்று

நான் கார் பார்க்கச் சென்றபோது ஒரு விற்பனையாளர், "ஆட்டோ கார்தானே அம்மா, குழந்தைகூட ஓட்டும்" என்றார். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அப்படிச் சொல்லவில்லை. "டீச்சர், ஸ்டீயரிங், கியர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. திடீர் பிரேக்குக்கு மட்டும் மாற்று கிடையாது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்" என்றார். ஆளில்லாத ஒரு திடலில், பக்கத்தில் அவர் அமர்ந்திருக்க, 40 கிலோமீட்டர் வேகத்தில் அவர் "நிறுத்துங்கள்" என்றதும் நான் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள காரில் மிதி அதிரும்; பயந்து காலை எடுக்கக் கூடாது. ஐந்து முறை செய்தோம். ஐந்து முறையும் நின்றது. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதே சோதனையை நம் செயற்குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரும் செய்து பார்த்தார். லேசான பக்கவாதம் கண்டு தேறியவர். முதல் முறை கால் மிதியைத் தவறவிட்டது. இரண்டாம் முறை கார் நிற்க நெடுந்தூரம் ஆயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்து சாவியைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் ஓட்டியவர் அவர். அன்று அவர் செய்தது நான் ஓட்டியதை விடப் பெரிய செயல் என்றே கருதுகிறேன். இப்போது பூசைக்கு அவரை நான்தான் அழைத்து வருகிறேன்.

ஆகவே கார் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்து எது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னர் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதில் தேறாவிட்டால் எவ்வளவு நல்ல காரும் நமக்கு ஆகாது. தேறினால், விற்பனை நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதோடு நின்றுவிடாமல், நம் வீட்டு மேட்டிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். காலையில், விரல் விறைத்திருக்கும் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

உடற்குறை நிலையானதாக உள்ளவர்கள் சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டு மாற்றுத் திறனாளி அட்டை பெறலாம். அவர்களின் நலனுக்காக 2008இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அட்டை உள்ளவர்களின் உள்நாட்டுக் காருக்குச் சாலை வரி விலக்கு உண்டு. வயது முதிர்ந்ததால் வரும் பலவீனத்துக்கு மட்டும் அட்டை கிடைக்காது. மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். கையால் இயக்கும் பிரேக் போன்ற மாற்றங்களைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியின்றிச் செய்ய வேண்டாம்.

நான் வாங்கியது ஐந்தாண்டு ஓடிய ஆக்சியா ஆட்டோ. இரவிலும் கடும் மூடுபனியிலும் ஓட்டுவதில்லை. தாப்பாவுக்கு இறங்குவதும் இல்லை. மகன் வரும்போது பார்த்துக்கொள்வேன். தானா ராத்தா மருத்துவமனைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறேன். எனக்கு அது போதும். "வந்துவிடுங்கள் அம்மா" என்ற மகன், சென்ற மாதம் வந்தபோது என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கோயிலுக்கு வந்தான். வழியெல்லாம் அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது தூங்கிவிட்டான்.

அன்பர்கள் அனைவரும் தங்கள் பலத்தையும் பலவீனத்தையும் அறிந்து, நல்ல வண்ணம் பயணம் செய்து, நெடுநாள் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகிறேன்.