திண்ணைப் பனியன் கம்பெனி

கோடை விடுமுறை குழந்தைகளுக்காக ஏற்பட்டது என்று பொதுவாக ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சுத்தத் தவறு. உபாத்தியாயர்கள் பத்து மாதம் படுகிற அவஸ்தையைப் பெற்றோர்களும் ஒன்றரை மாதமாவது அநுபவித்துப் பார்க்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அவரும் ஓர் உபாத்தியாயராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்து மாதம் உபாத்தியாயராகவும், மிச்ச நாளில் தகப்பனாராகவும் இருந்து தீர வேண்டிய நம்மைப் போன்ற துர்ப்பாக்கியசாலிகளை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

நாம் வசிப்பது திருப்பூரில். மற்ற ஊர்க் குழந்தைகள் விடுமுறையில் பம்பரம் விடும், கிட்டிப்புள் அடிக்கும், சொப்பு வைத்துச் சோறு சமைக்கும். எங்கள் ஊர்க் குழந்தைகளும் இவற்றை அறியாதவை அல்ல. ஆனால் 1920-களிலேயே பனியன் பின்னத் தொடங்கி, 1970-களின் பிற்பகுதியில் கடல் கடந்து விற்கத் தொடங்கி, இன்று பாரத தேசம் ஏற்றுமதி செய்யும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் தானே அனுப்புகிற ஊரில் பிறந்த குழந்தைகள் வேறு என்னதான் விளையாடும்? பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பனியன் கம்பெனி ஆரம்பமாயிற்று. மூலதனம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட். பங்குதாரர்கள் ஏழு பேர்.

பத்து வயது நிரம்பிய நம் மூத்த குமாரி முதலாளி. இந்தப் பதவிக்குத் தேர்தல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. திண்ணை அவளுடைய தகப்பனாருடையது என்ற ஒரே தகுதி போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கட்டிங் மாஸ்டர். நாம் இன்னும் படிக்காத அன்றைய தினசரியை விரித்து, நம்முடைய சாக்கட்டியாலேயே கோடு போட்டு, கத்தரியை வைத்தான். மந்திரிகளின் பிரசங்கங்கள் கை வேறு, கழுத்து வேறாகப் பிரிந்து விழுந்தன. ஏழு வயது இளையவன் கைமடி. அதாவது, டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிறவன். கோடி வீட்டு இரட்டைப் பிள்ளைகள் டைலர்கள். கவிழ்த்துப் போட்ட முக்காலி இயந்திரம், செருப்பு மிதிபலகை, 'கர்ர்ர்' என்ற ஓசைக்கு அவரவர் வாய்.

எதிர் லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்து குடியிருக்கும் தம்பதிகளுக்கு ஒரு பிள்ளை உண்டு. அவனுக்கு நம்மைவிட நன்றாகவே கொங்குத் தமிழ் வரும். ஆயினும், மற்றவர்களுக்குப் புரியாத பாஷை ஒன்று தெரிந்தவன் அவன் ஒருவனே ஆதலால், அவனை வெளிநாட்டுப் பையராக நியமித்துவிட்டார்கள். அவன் கறுப்புக் கண்ணாடி தரித்து வந்து, ஒடியா பாஷையில் எதையோ கம்பீரமாகச் சொல்லிவிட்டு, எல்லாச் சரக்கையும் ரிஜெக்ட் செய்து திரும்பிப் போவான். பெரிய வியாபாரிக்கு உரிய சகல லட்சணங்களும் அவனிடம் பொருந்தியிருந்தன.

ஊரிலுள்ள கம்பெனிகளில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை டீ. திண்ணைக் கம்பெனியில் மணிக்கு நான்கு முறை. "ஏனுங்க முதலாளி, டீ வரலீங்களா?" என்று குரல் கிளம்பும். உடனே முதலாளி தன் கௌரவத்தை மறந்து சமையலறைக்கு ஓடி, "அம்மா, டீ!" என்பாள். டீ என்பது நன்னாரி சர்பத். நான்கே நாளில் புட்டி காலியாயிற்று. கம்பெனியின் நஷ்டம் முழுவதும் நம் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை சம்பள நாள். புளியங்கொட்டையாகப் பட்டுவாடா. இரண்டாவது சனிக்கிழமையன்று, "மாஸ்டருக்குப் பத்து, எனக்கு மட்டும் மூணா?" என்று கைமடி தன் உடன்பிறந்த முதலாளியை எதிர்த்து வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டான். டைலர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். 1984-ம் வருஷத்தில் இவ்வூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்த சரித்திரத்தை இவர்கள் படித்தவர்கள் அல்ல. இருந்தாலும் ஊர்த் தண்ணீரின் மகிமை எங்கே போகும்? நம் வீட்டு அம்மாள் தலையிட்டுச் சமரசம் பேசி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய மாங்காய்க் கீற்றுக்களைப் பஞ்சப்படியாக வழங்கியதில், இருபது நிமிஷத்தில் வேலை நிறுத்தம் முடிந்தது.

இவ்வளவையும் நாம் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, பத்திரிகையில் கட்டிங் மாஸ்டர் விட்டுவைத்த பாகங்களைப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டு ரஸித்து வந்தோம்.

ஏழாவது பங்குதாரரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் மூன்றாவது லைன் வீட்டுப் பெண். நம் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தாள். வயதில் எல்லோருக்கும் மூத்தவள். அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடிந்ததாகப் பெயர் பண்ணிய துணியை எடுத்து, நூல் பிசிரை வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஒரு துணியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கூத்தடிப்பார்கள். அவளோ வாயால் பேசிக்கொண்டே, கண்ணைத் துணியின் பக்கம் திருப்பாமலே, ஒரு புரட்டு, இரண்டு வெட்டு, ஓர் உதறல், ஒரு மடிப்பு என்று அடுக்கிக்கொண்டே போவாள். முதல் நாள் அதைப் பார்த்து, "என்ன சாமர்த்தியம்!" என்று மெச்சினோம். மூன்றாம் நாள் நம்முடைய சிரிப்பு நின்றுபோயிற்று. விளையாடுகிற கை எங்கேயாவது தப்புச் செய்ய வேண்டும் அல்லவா? அந்தக் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

"இதை எங்கே கண்ணு பழகினாய்?" என்று கேட்டோம்.

"அம்மா ராத்திரி பீஸ் கொண்டாருவாங்க, ஸார். லீவுலே நானும் ஒக்காந்து வெட்டுவேன்."

"பள்ளிக்கூடம் திறந்த பிறகு?"

"தெரியலீங்க, ஸார்."

அன்று அவளுடைய தாயார் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரை மணிக்கு வரும் வரையில் காத்திருந்தோம். உபாத்தியாயருக்கே உரிய தோரணையில், கல்வியின் பெருமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினோம். அந்த அம்மாள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்காமலே பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நானும் அஞ்சாவது முடிச்ச லீவுலேதானுங்க ஸார், கைமடியாப் போனேன். ஒரு மாசத்துக்குன்னுதான் அனுப்புனாங்க. அந்த லீவு இன்னும் முடியலீங்க."

நாம் பேச எண்ணியிருந்த மற்றக் கால் மணிப் பிரசங்கம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அது அந்த அம்மாள் ஒருத்தியின் கதை அல்ல. 1980-களிலும் 1990-களிலும் ஏற்றுமதி பெருகியபோது, இவ்வூரில் கைமடித்தும் பிசிர் வெட்டியும் நின்றவர்களில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் அநேகர். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பட்டியலில் சேர்த்த சில தொழில்களில் மட்டுமே அவர்களை விலக்கியது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை பள்ளிக்கூடத்தை உரிமையாக்கியது. 2016-ல் செய்த திருத்தத்தில்தான், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று ஆயிற்று. இவற்றால் விளைந்த நன்மை சிறிதல்ல. நாம் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், ஜூன் மாதம் பெயர் கூப்பிட்டால் பதில் வராத பெயர்கள் பல இருந்தன. இப்பொழுது அவை மிகவும் குறைந்துவிட்டன.

ஆனால், அதே 2016 திருத்தத்தில் ஒரு சிறிய கதவு திறந்தே இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை ஒத்தாசை செய்யலாம் என்கிறது சட்டம். பதினான்கு வயது நிறைந்துவிட்டாலோ, பதினெட்டு வரையில் அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஆகவே, எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவிலுள்ள கோடை விடுமுறை ஒரு வழுக்கு மரம். ஒத்தாசை என்று தொடங்குவது எந்த நாளில் உத்தியோகமாக மாறிற்று என்று பெற்றவளுக்கே தெரிவதில்லை. மூன்றாவது லைன் வீட்டுப் பெண் அந்த விடுமுறையில்தான் இருந்தாள்.

குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்து விளையாடுவது உலக இயற்கை. ரஸிக்க வேண்டியதுதான். ஆனால் விளையாடுகிற கூட்டத்தில் ஒரு குழந்தையின் கை மட்டும் அளவுக்கு மீறித் தேர்ந்திருந்தால், பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் சிரிப்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, அதன் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது.

ஜூன் மாதம் பிறந்தது. திண்ணைக் கம்பெனி மூடப்பட்டது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டோம். அந்தப் பெண்ணின் பெயருக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், இரட்டைச் சடையும் ரிப்பனுமாக வகுப்பு வாசலில் நின்றாள்.

"ஏன் இரண்டு நாள் வரவில்லை?" என்று, உள்ளே பொங்கிய சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு அதட்டினோம்.

"அம்மா கூடக் கம்பெனிக்குப் போயிருந்தேனுங்க, ஸார். லீவு முடிஞ்சு போச்சுன்னு சொல்லி, அம்மாவே இன்னிக்குக் கொண்டாந்து விட்டுட்டாங்க."

உள்ளே போகச் சொன்னோம். இரண்டு அடி வைத்தவள் திரும்பி நின்று, மெதுவாகச் சொன்னாள்: "அப்புறம் ஸார், முதலாளி எனக்குப் பன்னெண்டு புளியங்கொட்டை பாக்கி வெச்சிருக்குதுங்க."

முதலாளியின் தகப்பனார் என்ற முறையில், அந்தப் பாக்கியை அன்று மாலையே வட்டியுடன் தீர்த்துவைத்தோம்.