மேதைகளின் இல்லங்கள் (7): டௌன் கிராமத்துக் குழந்தைப் பட்டாளம்

பீகிள் கப்பலில் ஐந்தாண்டுக் காலம் உலகைச் சுற்றிவிட்டு லண்டனுக்குத் திரும்பி, தாம் கொண்டுவந்த பாறைகளையும் எலும்புகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் டார்வின், 1838ஆம் வருஷத்தில், தமக்கு 29 வயது ஆகியிருந்தபோது, விவாகம் செய்துகொள்வதா, பிரம்மசாரியாகவே காலம் கழிப்பதா என்னும் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி, லாபங்களை ஒரு பக்கமும் நஷ்டங்களை மறு பக்கமுமாகப் பட்டியல் போட்டுப் பார்த்தார். காலம் பெருமளவில் விரயமாகும் என்பதும், புஸ்தகங்கள் வாங்கப் பணம் குறையும் என்பதும், குழந்தைகள் பல பிறந்துவிட்டால் வயிற்றுப்பாட்டுக்காகவே உழைக்க நேரிடும் என்பதும் நஷ்டக் கணக்கில் ஏறின. அப்படியிருந்தும் முடிவு விவாகத்தின் பக்கமே சாய்ந்தது. 1839 ஜனவரி 29ஆம் தேதி, தம் தாயின் சகோதரர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் புதல்வியான எம்மாவை அவர் மணந்துகொண்டார். அம்மான் மகளைக் கைப்பிடித்த மாப்பிள்ளை என்றால் நம் வாசகர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

நகரத்துப் புகையும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாமல், 1842 செப்டம்பரில், லண்டனிலிருந்து 16 மைல் தூரத்தில், கென்ட் பிரதேசத்துச் சுண்ணாம்புப் பாறை மேட்டின்மேல் ஒதுங்கிக் கிடந்த டௌன் என்னும் குக்கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கித் தம்பதிகள் குடியேறினார்கள். மூத்தவனான வில்லியமும் அடுத்தவளான ஆனியும் லண்டனில் பிறந்தவர்கள். மற்ற எண்மரும் இந்த வீட்டிலேயே பிறந்தார்கள். 1839 டிசம்பர் முதல் 1856 டிசம்பர் வரை, பதினேழு வருஷங்களில், எம்மா பத்துக் குழந்தைகளைப் பெற்றார். அவர்களில் எழுவர் வளர்ந்து ஆளானார்கள். ஆகவே, 1859ஆம் ஆண்டில் வெளிவந்து மனித சிந்தனையின் போக்கையே திருப்பிவிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல், தொட்டிலும் நடைவண்டியும் பள்ளிக்கூடப் பையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த ஒரு வீட்டில், ஓயாத காலடிச் சத்தத்தின் நடுவே உருவாகியது.

டார்வினுடைய தினசரி வாழ்க்கை முழுவதும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. பிறகு கடிதங்கள், மனைவி நாவல் வாசிக்கக் கேட்டல். பத்தரை முதல் பன்னிரண்டு வரை மறுபடியும் வேலை. மாலையில் நாலரை முதல் ஒரு மணி நேரம் இன்னொரு தவணை. தீராத வயிற்று உபாதையால் அவதிப்பட்ட அந்த மனிதரின் தேகம் அதற்கு மேல் இடங்கொடுக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே உழைக்கக்கூடியவர், அந்த நேரத்தைத் தாழ்ப்பாள் போட்டுக் காத்திருப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால், நூற்கயிறு, குண்டூசி, கத்தரிக்கோல், அளவுகோல், சுத்தியல், விரலில் காயம் பட்டால் ஒட்டுவதற்குப் பிளாஸ்திரி ஆகிய சகல சாமான்களும் அவருடைய ஆராய்ச்சி அறையிலேயே இருந்தபடியால், வேலை நேரத்தில் உள்ளே போவது தவறு என்று நன்றாக அறிந்த குழந்தைகளும், தவிர்க்க முடியாத அவசியம் என்று தங்கள் மனத்தைச் சமாதானம் செய்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக அங்கே படையெடுத்தார்கள். இந்தப் படையெடுப்பு அளவுக்கு மிஞ்சிப் போகும் நாளில், இன்று பல தடவை வேலை தடைப்பட்டுவிட்டதே, இனிமேல் வராமல் இருக்க முடியுமா என்று பொறுமை ததும்பும் முகத்தோடு அவர் கேட்பார். அவ்வளவே அவருடைய கோபத்தின் எல்லை என்பது மகள் ஹென்ரியெட்டா பிற்காலத்தில் எழுதியதிலிருந்து தெரிகிறது. அப்பாவை வேலை நேரத்தில் விளையாட அழைத்துப் போக வேண்டுமானால் அதற்குத் தக்க கிரயம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்த நாலு வயதுப் பையன் ஒருவன், ஆறு பென்ஸ் நாணயம் ஒன்றை அவரிடம் நீட்டினானாம்! காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் அந்த அறையின் ஸோபாவே படுக்கை; தந்தை கணப்பின் அருகே தம் நாற்காலியில் அமர்ந்திருக்க, சுவரில் தொங்கிய பழைய பூகர்ப்பப் படத்தைப் பார்த்தபடி தான் போர்வைக்குள் படுத்துக் கிடந்ததை மகள் ஹென்ரியெட்டா வயதான பிறகும் மறக்கவில்லை.

விளையாட்டு என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் எதுவும் புனிதமான பொருளல்ல. மாடிப்படியில் மாட்டிக்கொள்வதற்கென்றே வழவழப்பாக இழைத்த ஒரு சறுக்குமரம் செய்து வைத்திருந்தார்கள். அதன் முனையை எவ்வளவு உயர்ந்த படியில் மாட்டுகிறோமோ அவ்வளவுக்கு இறங்கும் வேகம் கூடும். குழந்தைகளின் உடையில் தேய்ந்து மெருகேறிய அந்தப் பலகையை, இன்று காட்சிசாலையாக விளங்கும் அதே வீட்டில் யாத்திரிகர்கள் பார்க்கலாம். நுண்பெருக்கிக் கண்ணாடியின் முன் அமர்வதற்காக டார்வின் வைத்திருந்த, சக்கரம் பூட்டிய குட்டை ஆசனம், வேலை ஓய்ந்த வேளையில் குழந்தைகள் ஏறிக்கொண்டு நீண்ட கோலை ஊன்றிக் கூடத்தில் செலுத்தும் பரிசலாக மாறிற்று. வெளியே, புல்தரையில் இரண்டு யூ மரங்களுக்கு நடுவே நீளமான ஊஞ்சல் ஒன்று ஆடிற்று. குழந்தைகளின் அறை ஜன்னலுக்கு நேரே முசுக்கட்டை மரம் ஒன்று கிளை விரித்து நின்றது. ஸோபாவின்மேல் ஏறிக் குதித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் கெட்டுவிடும் என்று வீட்டில் ஒரு தடையுத்தரவு உண்டு. ஒரு நாள் சிறுவன் லெனர்ட் அதன்மேல் ஆனந்தத் தாண்டவம் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்ட தந்தை, இது சட்டத்துக்கு விரோதமாயிற்றே என்று சொல்ல, அப்படியானால் நீங்கள் இந்த அறையை விட்டு வெளியே போய்விடுவதே நல்லது என்று பையன் சிறிதும் தயங்காமல் யோசனை கூறினான். அப்பாவின் அதிகாரம் அந்த வீட்டில் எத்தனை மிருதுவானது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம்.

இந்த ராஜ்யத்தின் உண்மையான அதிபதி எம்மாதான். வீடு சுத்தமாக இருக்க வேண்டுமா, குழந்தைகள் உல்லாசமாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், இரண்டாவதை ஆலோசனையின்றித் தேர்ந்துகொள்ளும் சுபாவம் அவருடையது. இறைந்து கிடக்கும் சாமான்களைக் கண்டு அவர் பதறியதில்லை. பியானோவில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. மாலையில் அவர் துள்ளலான மெட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினால், குழந்தைகள் கூடத்தைச் சுற்றி ஓடி ஆடித் தீர்ப்பார்கள். ஓயாத பிரசவங்களுக்கும் கணவருடைய ஓயாத நோய்க்கும் நடுவே, முகம் சுளிக்காமல் இத்தனையும் நடத்திய அந்த அம்மையாரின் சக்தியை நினைத்தால், புஸ்தகத்தின் முகப்பில் ஒரு பெயர் மட்டுமே இருப்பது போதாதென்றே தோன்றுகிறது.

டார்வினுக்கோ ஒவ்வொரு சிசுவும் ஒரு புதிய ஆராய்ச்சி. வில்லியம் பிறந்த நாள் தொட்டே அவன் எப்போது சிரித்தான், எப்போது சினந்தான், எதைக் கண்டு பயந்தான் என்பதையெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1877ஆம் ஆண்டில் 'மைண்ட்' என்னும் பத்திரிகையில் கட்டுரையாக வெளிவந்தபோது, அந்தச் சிசு 37 வயதுக் கனவான் ஆகிவிட்டிருந்தது. உணர்ச்சிகள் முகத்தில் தோன்றும் விதத்தைப் பற்றி அவர் 1872இல் வெளியிட்ட நூலுக்கும் இந்தக் குறிப்புகள் உதவின. ஆனால், அழும் குழந்தையின் முகத்தில் எந்தத் தசை எப்படிச் சுருங்குகிறது என்று கவனிக்க எண்ணி அருகே சென்றால், குழந்தையின் துக்கம் அவரையும் தொற்றிக்கொண்டு, பார்க்க வந்ததைப் பார்க்க விடாமல் செய்துவிடுமாம். விஞ்ஞானி தோற்றுத் தகப்பன் ஜயித்த அத்தகைய தருணங்கள் அவருக்கு அவமானமாகப் படவில்லை.

சற்றே வளர்ந்துவிட்டால் ஆராய்ச்சிப் பொருளே சக ஆராய்ச்சியாளராகிவிடும். ஆண் வண்டுத் தேனீக்கள் தோட்டத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் நின்று ரீங்காரமிட்டு, ஒரே வழியாகப் பறந்து செல்வதைக் கவனித்த டார்வின், அந்த வழியைக் கண்டறிவதற்காக ஐந்தாறு குழந்தைகளை ஆளுக்கோர் இடத்தில் காவல் வைத்தார். பூச்சி தம் இடத்துக்கு வந்ததும், இதோ வந்துவிட்டது என்று குழந்தை கூவ, அடுத்த குழந்தை தயாராக நிற்க, கூச்சலும் ஓட்டமுமாக நடந்த அந்த விளையாட்டிலிருந்து மெய்யான பிராணி சாஸ்திரக் குறிப்புகள் கிடைத்தன. 1859 ஜூன் மாதத்தில், பூச்சியியல் வாரப் பத்திரிகை ஒன்றில், டௌன் கிராமத்தில் பிடிபட்ட அபூர்வ வண்டுகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. அதன்கீழ்க் கையொப்பமிட்டவர்கள் பிரான்சிஸ், லெனர்ட், ஹொரேஸ் ஆகிய மூன்று சகோதரர்கள். வயது முறையே 10, 9, 8! கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் சிறு கடற்பிராணியை டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் அறுத்து ஆராய்ந்தார். அதையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் ஒன்று, அண்டை வீட்டுக் கனவானைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் கொட்டலசுகளை எந்த அறையில் ஆராய்கிறார் என்று வெகு இயல்பாகக் கேட்டதாம். உலகத்து அப்பாக்கள் அனைவருக்கும் அதுவே உத்தியோகம் என்பது குழந்தையின் நம்பிக்கை.

பகல் பன்னிரண்டு மணிக்கு டார்வின் உலாவச் செல்லும் 'சாண்ட்வாக்' என்னும் மணற்பாதை, தோட்டத்தின் கோடியில் சிறு தோப்பைச் சுற்றி வளைந்து செல்வது. எத்தனை சுற்று ஆயிற்று என்று மனத்தில் எண்ணினால் சிந்தனை கெடும் என்று, பாதை ஓரத்தில் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லாகக் காலால் தள்ளிவிட்டுச் செல்வார். அந்தத் தோப்புத்தான் குழந்தைகளின் விளையாட்டு மைதானமும். இயற்கைத் தேர்வைப் பற்றிய சிந்தனையும் ஒளிந்து பிடிக்கும் கூச்சலும் ஒரே பாதையில் ஒன்றையொன்று கடந்து சென்றன. இரண்டில் எதுவும் மற்றதற்கு வழிவிட்டு விலகவில்லை.

சுகமே நிறைந்த குடும்பம் என்று இதைச் சித்திரித்தால் அது பொய்யாகும். குடியேறிய மாதத்திலேயே பிறந்த மேரி சுமார் மூன்று வாரங்களே உயிர் வாழ்ந்தாள். தந்தையின் கண்மணியாக இருந்த ஆனி, 1851 ஏப்ரலில், பத்து வயதில், மால்வெர்ன் நகரத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது இறந்தாள். கடைக்குட்டி சார்லஸ் 1858 ஜூன் 28ஆம் தேதி காய்ச்சலில் மாண்டது. மூன்றே நாளில், ஜூலை 1ஆம் தேதி, டார்வின், தனித்து அதே முடிவுக்கு வந்திருந்த இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ் இருவருடைய இயற்கைத் தேர்வுக் கொள்கையும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, அந்தத் தந்தை சபையில் இல்லை. பெற்றோர் இரத்த சம்பந்தமுள்ளவர்களாக இருந்ததுதான் குழந்தைகளின் நலிவுக்குக் காரணமோ என்ற ஐயமும் அவரை விடாமல் வாட்டிற்று. உறவுமுறைத் திருமணங்களின் எண்ணிக்கையை ஜனக்கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும் என்று அவர் செய்த முயற்சியைப் பார்லிமெண்டு ஏற்கவில்லை. பிறகு மகன் ஜார்ஜே அப்பொருளை ஆராய்ந்து 1875இல் கட்டுரை வெளியிட்டார்.

'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துப் பிரதிக்கு நேர்ந்த கதி இந்த வீட்டின் இயல்பை நன்கு விளக்கும். அச்சான பிறகு அந்தக் காகிதங்களுக்கு மதிப்பில்லை என்று எண்ணிய டார்வின், பின்புறம் வெறுமையாக இருக்கிறதே என்று அவற்றைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டார். அவர்களும் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் இடையே மூண்ட மகாயுத்தம் முதலியவற்றை வர்ணம் தீட்டி வரைந்து தள்ளினார்கள். சுமார் அறுநூறு தாள்களில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு சிறு பகுதியே. அவற்றிலும் சில, பிள்ளைகள் வரைந்த படம் என்று வீட்டார் எடுத்து வைத்ததனால் தப்பியவை. ஒரு முகத்தில் உலகை உலுக்கிய வாக்கியங்கள், மறு முகத்தில் காய்கறிச் சேனையின் போர்க்கோலம்!

இரவு போஜனத்துக்குப் பின், நம்முடைய சொக்கட்டானுக்குச் சகோதரியான பேக்கேமன் ஆட்டத்தில் கணவனும் மனைவியும் நாள்தோறும் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். வெற்றி தோல்வியை டார்வின் கணக்கு வைத்திருந்தார். 1876ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தாவர சாஸ்திரியான ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், எம்மா 2490 ஆட்டங்களும் தாம் 2795 ஆட்டங்களும் வென்றிருப்பதை ஒரு சிறுவனுடைய குதூகலத்துடன் அறிவித்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்த பின்னும் வீடு வெறுமையாகவில்லை. தாயை இழந்த பேரன் பெர்னார்ட் அங்கே வளர்ந்தான். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று சோதிப்பதற்காக அவன் ஊதல் ஊத, பிரான்சிஸ் பசூன் என்னும் குழலை வாசிக்க, எம்மா பியானோவை இசைக்க, புழுக்கள் சிறிதும் அசையாமல் இருந்த செய்தி 1881இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது.

இவ்வளவும் சாத்தியமானதற்குப் பரம்பரைச் சொத்தும், பார்ஸ்லோ போன்ற விசுவாசமுள்ள வேலைக்காரர்களும் துணை நின்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டைப் பற்றிய அந்தப் பழைய பயம் டார்வின் விஷயத்தில் பலிக்கவே இல்லை. எனினும், செல்வமும் ஏவலாளர்களும் படைத்த எத்தனையோ வீடுகளில், தகப்பனாரின் அறை வாசலில் குழந்தைகள் மூச்சடக்கி நடக்கும் காலம் அது. தம் நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்று அஞ்சிய அதே பிள்ளைகளைத் தம் வேலையின் கூட்டாளிகளாக்கிக்கொண்டதே டார்வின் செய்த விசேஷம். ஜார்ஜ், பிரான்சிஸ், ஹொரேஸ் ஆகிய மூவரும் ராயல் சொஸைடியின் அங்கத்தினர்களாகி, ஸர் பட்டமும் பெற்றார்கள். பட்டம் கிடக்கட்டும். பெரிய காரியம் ஆற்றுகிறவர்களுக்கு மௌனம் நிறைந்த வீடு அத்தியாவசியம் என்று நம்மில் பலர் குழந்தைகளை அதட்டிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு டௌன் கிராமத்து வீடு ஆதாரம் தரவில்லை என்பதே என் முடிவு. வேலை அறைக் கதவைச் சற்றே திறந்து வைத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் லைப்ஜிக் நகரத்துக்குப் போவோம்; இரு மனைவியரிடத்தில் இருபது குழந்தைகளைப் பெற்ற சங்கீத மேதை பாக் அங்கே காத்திருக்கிறார்.