அந்த அரை மணி நேரம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் போய், பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். அதற்கப்பால் படுவான்கரை வயல்கள். இக்கரையான எழுவான்கரையில் வீடு, அக்கரையில் வேளாண்மை என்றிருப்பவர்கள் இங்கே ஏராளம். வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்து வீட்டில்தான் கிடக்கும். இலங்கையின் தற்கொலைக் கணக்கில் அந்த மிச்ச மருந்துக்குப் பெரிய பங்குண்டு.

1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பத்தே ஆண்டில், 2005இல், அது பாதியானது. துன்பம் குறைந்ததாலா? இல்லை. யுத்தம் முடிந்திருக்கவில்லை, 2004 மார்கழியில் இதே கரையைச் சுனாமி அள்ளிப்போனது. முக்கியமாக மாறியது ஒன்று: கடும் நச்சுக் கிருமிநாசினிகளை அரசு 1995இலும் 1998இலும் தடைசெய்தது. பின்னர் 2008 முதல் 2011 வரை இன்னும் சிலவற்றைப் படிப்படியாக நிறுத்தியது. அதனால் நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அந்தளவு குறையவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வந்தவர்களில் கூடுதலானோர் பிழைத்துக்கொண்டார்கள்.

காரணம், நெருக்கடியின் கால அளவு. இலங்கைக் கிராமங்களில் நஞ்சருந்தி உயிர் தப்பியவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் முடிவெடுத்து அரை மணி நேரத்துக்குள் அதைச் செய்திருந்தார்கள். பலநாள் திட்டமல்ல, ஒரு சண்டை, ஓர் அவமானம், மதுவெறி. அந்த அரை மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பலருக்கு அந்த எண்ணம் தணிந்துவிடும்.

அப்படியானால் மருந்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினால் போதாதா? வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: நஞ்சருந்தியவர்களின் தொகையில் பெட்டி கிடைத்த ஊருக்கும் கிடைக்காத ஊருக்கும் வித்தியாசமில்லை. எனக்கு இதில் பெரிய வியப்பில்லை, திறப்பு அதே வீட்டில்தானே இருக்கிறது! ஆனால், இன்னார் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்த வீட்டுக்கு அந்த முடிவு பொருந்தாது. அங்கே மருந்தையும் மிச்சமிருக்கும் குளிசைகளையும் வீட்டைவிட்டே அகற்றி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

இன்னார் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்பது வெறும் கோபப் பேச்சாக இல்லாமலும் இருக்கலாம். சொல்கிறவன் செய்யமாட்டான் என்பது ஊர்க்கதை. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. கிழமைக் கடன் கட்ட வழியில்லாமல் லோன்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், பரீட்சை முடிவு வந்தபின் சோறு தண்ணி இல்லாமல் படுத்திருக்கும் பிள்ளை, திடீரென்று பொருட்களை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெரியவர், இவர்களிடம் நேரே கேட்கலாம். “மனே, உசிர விட்டிரலாம் எண்டு நினைப்பு ஏதும் வருதா?” கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்டபின் பாரம் இறங்கியதுபோல் அழுபவர்களும் உண்டு.

அடுத்த வேலை வாயை மூடிக் கேட்பது. “ஒனக்கென்ன குறை, பிள்ளைகளை யோசிச்சியா” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தனியே விடாமல் கூட இருங்கள். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் சொன்னால் மேற்கொண்டு வழிகாட்டுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. இரவு பகல் எந்நேரமும் பேச, தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. ஆலோசனைக்கு 1333. ஏற்கெனவே ஏதும் நடந்துவிட்டால் வீட்டு வைத்தியம் ஒன்றும் செய்யாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

“பொலிஸ் கேஸாகிவிடுமே” என்று தாமதிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. ஊரிலோ ஆள் வந்துவிட்டார், கதை முடிந்தது என்று நினைப்போம், அல்லது வேலிக்கப்பால் நின்று குசுகுசுப்போம். வந்தவரைப் பார்க்கப் போங்கள், ஏன் செய்தாய் என்று விசாரிக்க வேண்டாம். கிளினிக் திகதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு பஸ்ஸில் அவரோடு கூடப் போங்கள். கடன்தான் காரணமென்றால் அந்த லோன்காரர் வரும் நாளில் போய் அந்தத் திண்ணையில் இருங்கள்.