தியா மிர்சா: திரையுலகிலிருந்து ஐ.நா. சுற்றுச்சூழல் தூதர் பொறுப்பு வரை

2018-ஆம் ஆண்டு உலக சுற்றுச்சூழல் தினத்தை இந்தியா முன்னின்று நடத்தியது. பிளாஸ்டிக் மாசுபாட்டை முறியடிப்பது என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். ஏழு ஆண்டுகள் கழித்து 2025-இல் தென் கொரியா அந்நாளை நடத்தியபோதும் அதே கருப்பொருளே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரச்சினை தீரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. இந்தக் காலகட்டத்தில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் செய்தியை இந்தியப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கும் முகமாக அறியப்பட்டவர் இந்தி நடிகை தியா மிர்சா.

1981 டிசம்பர் 9 அன்று ஹைதராபாதில் பிறந்தவர் தியா. தந்தை ஜெர்மானியர், தாய் வங்காளத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். பின்னர் தாய் மணந்துகொண்ட ஹைதராபாத்வாசியான அகமது மிர்சாவின் பெயரையே தன் பெயருடன் இணைத்துக்கொண்டார். ஜெ. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையைப் பின்பற்றும் வித்யாரண்யா பள்ளியில் அவர் பயின்றார். கல்லூரிப் பருவத்திலேயே விளம்பரங்களில் தோன்றத் தொடங்கினார்.

இந்திய அழகிப் போட்டிகளின் வரலாற்றில் 2000-ஆம் ஆண்டு தனித்து நிற்பது. லாரா தத்தா பிரபஞ்ச அழகியாகவும், பிரியங்கா சோப்ரா உலக அழகியாகவும் தேர்வாகினர். அவ்வாண்டின் இறுதியில் மணிலாவில் நடைபெற்ற போட்டியில் ஆசிய பசிபிக் அழகிப் பட்டத்தை வென்றபோது தியாவுக்கு வயது 18.

அவரது முதல் படத்தின் கதை தமிழ் ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமானது. கௌதம் மேனன் இயக்கி மாதவன் நடித்த 'மின்னலே' 2001-இல் தமிழகத்தில் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் அதே இயக்குநரும் நாயகனும் இணைந்து அதனை 'ரெஹ்னா ஹை தேரே தில் மே' என்ற பெயரில் இந்தியில் வழங்கினர். தமிழில் ரீமா சென் ஏற்ற பாத்திரத்தை இந்தியில் ஏற்றவர் தியா. திரையரங்குகளில் அப்படம் வெற்றி பெறவில்லை. எனினும் தொலைக்காட்சி ஒளிபரப்புகளால் ஒரு தலைமுறையின் விருப்பப் படமாக மாறி, 2024 ஆகஸ்டில் மீண்டும் திரைக்கு வந்தது.

தொடர்ந்து 'தஸ்', 'பரிணீதா', 'லகே ரஹோ முன்னா பாய்' போன்ற படங்களில் நடித்தாலும், முன்னணி நாயகி என்ற இடம் அவருக்கு நிலைக்கவில்லை. தயாரிப்பிலும் ஈடுபட்டார், வித்யா பாலன் நடித்த 'பாபி ஜாசூஸ்' (2014) அவர் இணைந்து தயாரித்த படமாகும். நடிகையாக அவருக்கு வலுவான வேடங்கள் கிடைத்தது பிற்பகுதியில்தான் என்று கூறலாம். 'சஞ்சு' (2018), தீவிரவாதி என்ற ஐயத்தில் இந்தியச் சிறையில் அடைக்கப்பட்ட பாகிஸ்தான் பெண்ணாக நடித்த 'காஃபிர்' இணையத் தொடர் (2019), 'தப்பட்' (2020), 'பீட்' (2023) ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

நல்லெண்ணத் தூதர் என்றால் யார்?

சுற்றுச்சூழல் ஆர்வம் ஐ.நா. பொறுப்புடன் தொடங்கியதன்று. 2006-இல் நர்மதை அணையால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக் கோரிக்கைக்கு ஆதரவு தெரிவித்த திரைக் கலைஞர்களுள் அவரும் ஒருவர். இந்திய வனவிலங்கு அறக்கட்டளையின் விளம்பரத் தூதராகவும் பணியாற்றி வந்தார். கங்கை நதியின் போக்கைப் பின்தொடரும் தொலைக்காட்சித் தொடரொன்றையும் தொகுத்து வழங்கினார். இப்பின்னணியில், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2017-இன் இறுதியில் அவரை இந்தியாவுக்கான நல்லெண்ணத் தூதராக நியமித்தது. 2019-இல் ஐ.நா. பொதுச் செயலரின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கான பரப்புரையாளர்களுள் ஒருவராகவும் அறிவிக்கப்பட்டார்.

பிரபலங்களைத் தூதராக்கும் ஐ.நா. வழக்கம், 1954-இல் அமெரிக்க நடிகர் டேனி கேயை யுனிசெஃப் நியமித்ததிலிருந்து தொடங்குகிறது. இப்பொறுப்புக்கு ஊதியமில்லை, அதிகாரமும் இல்லை. தூதர் ஒருவரால் சட்டம் இயற்றவோ, ஆலையை மூடவோ, நிதி ஒதுக்கவோ இயலாது. தமக்குள்ள புகழையும் மக்களின் கவனத்தையும் ஒரு நோக்கத்துக்காகத் திருப்பிவிடுவது மட்டுமே அவரது பணி. ஆகவே, சொல்வதற்கும் வாழ்வதற்கும் இடையே இடைவெளி தென்பட்டால் அந்தப் பணியின் மதிப்பே கேள்விக்குள்ளாகும்.

தியாவைப் பொறுத்தவரை இதில் குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கலந்த மாதவிடாய் அணையாடைகள் சூழலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பவை என்பதால் அவற்றின் விளம்பரங்களில் நடிப்பதில்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். மக்கும் தன்மை கொண்ட அணையாடைகளையே பயன்படுத்துவதாகவும் கூறினார். மூங்கில் பல்துலக்கியும் உலோகக் குடிநீர்க் குப்பியும் பலர் எளிதில் கைக்கொள்ளக்கூடியவை. ஆனால் வருவாய் தரும் விளம்பரத்தை மறுப்பதும், பொதுவெளியில் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதும் அவ்வளவு எளிதல்ல.

2020 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் காலநிலை நெருக்கடி குறித்த அமர்வில் பேசியபோது அவர் மேடையிலேயே கண்ணீர் விட்டார். காணொளி பரவியதும் சமூக ஊடகங்களில் ஒரு சாரார் அதனை நடிப்பு என்று எள்ளி நகையாடினர். பிறர் துயரை உணர்ந்து அழுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே அம்மேடையில் அவர் முன்வைத்த கருத்து. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மும்பை ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக மரங்கள் வெட்டப்பட்டதற்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களிலும் அவர் இருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்த்தப்பட்ட பின்னரே 2019 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி

தனிமனிதப் பழக்கங்களைப் பற்றியே பிரபலங்கள் பேசுகிறார்கள், உற்பத்தியாளர்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பது இத்தகைய பரப்புரைகள் மீது எழும் முதன்மையான விமர்சனம். அதில் நியாயம் உண்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கின்படி உலகில் ஆண்டுதோறும் 40 கோடி டன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. மறுசுழற்சிக்குச் செல்வது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துணிப்பையுடன் கடைக்குச் செல்பவரால் இந்த அளவை மாற்ற முடியாது.

இந்தியாவின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2022-க்குள் ஒழிப்பதாக 2018 விழாவில் மத்திய அரசு அறிவித்தது. 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், தட்டு, குவளை, கரண்டி, பிளாஸ்டிக் தண்டுள்ள காது குடையும் குச்சி உள்ளிட்ட குறிப்பிட்ட பொருட்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் கைப்பைகளின் குறைந்தபட்சத் தடிமன் 120 மைக்ரானாக உயர்த்தப்பட்டது. ஆனால் பெட்டிக்கடைகளில் தொங்கும் நொறுக்குத்தீனி, ஷாம்பு பொட்டல உறைகள் அத்தடைப் பட்டியலில் இல்லை. அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு விதிக்கப்பட்டுள்ளது.

உலக அளவில், பிளாஸ்டிக் மாசுபாட்டுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை உருவாக்க 2022 மார்ச் மாதம் நைரோபியில் நாடுகள் தீர்மானித்தன. உற்பத்தி அளவுக்கே வரம்பு விதிப்பதா, கழிவு மேலாண்மையுடன் நிறுத்திக்கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. 2024 இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடைபெற்ற பேச்சுவார்த்தைகள் உடன்பாடின்றி முடிவடைந்தன.