பாட்டியின் பட்டுப்புடவையைச் சுவரில் மாட்டலாமா?

பீரோவின் அடித்தட்டில் பாட்டியின் கூறைப்புடவை இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் ஆசையாக எடுத்துப் பிரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் நேர்கோடாகக் கிழிந்திருக்கும். 'பத்திரமாத்தானே வெச்சிருந்தோம்!' என்று மனசு பதறும்.

காரணம் எளிமையானது. ஒரே மடிப்பில் பல வருஷம் கிடந்தால் அந்த இடத்தில் பட்டு இழை முறிந்துவிடும். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக்கம்பி. மடங்கிய இடத்தில் அந்தக் கம்பியும் ஒடியும். இப்படி இருட்டில் கிடந்து இத்துப்போவதைவிட, கண்ணெதிரே சுவரில் இருக்கட்டுமே என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், தப்பாக மாட்டினால் பீரோவைவிடச் சுவர் சீக்கிரமே புடவையைக் காலி செய்துவிடும்.

கோயிலில் பார்த்ததுதான்!

துணியைத் தொங்கவிட்டு அழகு பார்ப்பது நமக்குப் புதுசல்ல. தேரிலும் கோயில் மண்டபத்திலும் உருளை உருளையாகத் தொங்குமே தொம்பை, அதில் கலம்காரி வேலைப்பாடும் உண்டு. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி அந்த மரபில் வந்ததுதான். திருவிழாவுக்குக் கட்டுவார்கள், முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். வீட்டுக்கும் இதே கணக்குதான். துணிக்கு ஓய்வு வேண்டும்.

வெட்டணுமா, வேண்டாமா?

புடவை உறுதியாக இருந்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். நாளைக்குப் பேத்தி கட்டிக்கொள்ள ஆசைப்படலாம். வழவழப்பான, தடிமனான மரக்கம்பு ஒன்றைச் சுவரில் பொருத்தி, முந்தானை முன்பக்கம் விழும்படி புடவையை மடித்து அதன் மேல் போடுங்கள். மரத்துக்கும் பட்டுக்கும் நடுவில் துவைத்த பருத்தித் துணி ஒன்று இருக்கட்டும். ஆணி, கிளிப் எதுவும் வேண்டாம்.

உடல் பகுதி நைந்து, முந்தானையும் பார்டரும் மட்டும் நன்றாக இருந்தால் ஃபிரேம் போடலாம். பார்டரை மட்டும் தனியாக நறுக்காமல், அதையொட்டிய உடல் பகுதியையும் கொஞ்சம் சேர்த்து எடுங்கள். காஞ்சிபுரத்தில் கோர்வை முறையில் நெய்த புடவை என்றால், வேறு வேறு நிற உடலும் பார்டரும் தறியிலேயே கோத்து வாங்கும் அந்த இடம்தான் நெசவாளரின் கைவண்ணம். அது தெரியணும்.

ஃபிரேம் கடையில் சொல்ல வேண்டியவை

* பசை, ஸ்டேப்ளர், டபுள் சைடு டேப் கூடவே கூடாது. பசை ஊறிய இடம் மஞ்சளாகும். திரும்ப எடுக்கும்போது துணி கிழியும்.
* கஞ்சி போடாத, துவைத்த பருத்தித் துணியை அடியில் வைத்து, மெல்லிய ஊசியால் தளர்வாகத் தைக்க வேண்டும். ஊசி ஜரிகையைக் குத்தாமல் இழைகளுக்கு நடுவே போகட்டும்.
* கண்ணாடி பட்டின் மேல் படக் கூடாது. கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.
* முழு முந்தானை என்றால் அகலமே நாலடி வரும். கண்ணாடி ரொம்ப கனக்கும். அக்ரிலிக் ஷீட் போடுங்கள்.

எந்தச் சுவர்?

வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகங்களில் பட்டுத்துணி மேல் விழும் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் வைத்திருப்பது வழக்கம். பகலில் நம் வீட்டு ஜன்னலோரத்தில் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு அதிகம். வெளுத்த சாயத்தை எந்தச் சாயக்காரராலும் பழையபடி கொண்டுவர முடியாது. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர், சமையல் புகையும் ஊதுபத்திப் புகையும் படியும் இடம் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஹாலில் நேர்வெயில் வராத உள்சுவர்தான் பொருத்தம்.

மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டுங்கள். இறக்கிய புடவையை மடிக்காமல், பருத்தித் துணி சுற்றிய குழாயில் உருட்டி வைத்தால் மடிப்புக் கோடே விழாது.

கடைசியாக ஒன்று. புடவை யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்குக் கட்டியது என்று ஒரு சீட்டில் எழுதி ஃபிரேமின் பின்பலகையில் ஒட்டிவையுங்கள். இதெல்லாம் தெரிந்த அத்தையோ பெரியம்மாவோ இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இல்லையென்றால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் அழகான துணி மட்டும்தான்.