அப்டேட் போட்டதும் லேப்டாப் ஆன் ஆகலையா? இஎம்ஐ-ல புதுசு எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



திங்கட்கிழமை காலை 9 மணி. நாகல் நகர் வீட்டு மாடியில உட்கார்ந்து லேப்டாப்பை ஆன் பண்றீங்க. 9.30-க்கு டீம் கால். நேத்து ராத்திரி ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்துட்டுத் தூங்கினது ஞாபகம் இருக்கு. இப்போ திரையில லோகோவும் சுத்துற வட்டமும் மட்டும்தான் இருக்கு. பத்து நிமிஷம் ஆகியும் வட்டம் நிக்கல.

சாயங்காலம் கடைக்குப் போனா, “பழசாயிடுச்சு சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். டவுன் பேமென்ட் இல்லாம புதுசு எடுத்துக்கங்க” என்று சொல்லலாம். 48,000 ரூபாய் லேப்டாப்புன்னு வெச்சுக்குவோம். மாசம் 4,000, 12 மாசம். கையில வர்ற சம்பளம் 25,000-னா அதுல 16 சதவீதம் ஒரு வருஷத்துக்குக் காலி. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ன்னு சொன்னாலும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீயும் பெரும்பாலும் நம்ம தலையிலதான் விழும்.

இவ்வளவும் எதுக்காக? பல நேரம், ஒரே ஒரு கெட்ட ஃபைலுக்காக.

85 லட்சம் கம்ப்யூட்டர் ஒரே நாள்ல நின்னுச்சு

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு அப்டேட்டில் தப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோட முடங்கின. நம்ம ஊர் ஏர்போர்ட்டுகள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. 10 வங்கிகள், நிதி நிறுவனங்கள்ல சின்னச் சின்ன பாதிப்பு இருந்ததா ரிசர்வ் வங்கி சொல்லுச்சு.

அதைச் சரி பண்ணினது எப்படி? சேஃப் மோடுல போய் அந்த ஒரு ஃபைலை அழிச்சாங்க. மெஷின் திரும்ப ஓடுச்சு. அதுக்காக யாரும் 85 லட்சம் லேப்டாப் புதுசா வாங்கல. ஆனா பல இடங்கள்ல வேலை இழுத்ததுக்கு இன்னொரு காரணம் இருந்துச்சு: டிஸ்க் பூட்டியிருந்தது, சாவி எங்கேன்னு தேட வேண்டியிருந்தது.

முதல்ல சாவி

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்மது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. பூட்டு எவ்வளவு நல்ல பூட்டோ, சாவி தொலைஞ்சா அவ்வளவு கஷ்டம்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விண்டோஸ்ல அந்தப் பூட்டோட பேர் பிட்லாக்கர். ஹோம் எடிஷன்ல ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’னு இருக்கும். நாம ஆன் பண்ணாமலே, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணும்போது பல புது லேப்டாப்புல தானா ஆன் ஆகியிருக்கும். சில அப்டேட்டுக்கு அப்புறம் இது திடீர்னு 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். 2025 மே மாசம் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒண்ணு, சில இன்டெல் மெஷின்கள்ல இப்படித்தான் கேட்டுச்சு.

சொந்த லேப்டாப்னா, போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணி ‘டிவைசஸ்’ பகுதியில பாருங்க. பெரும்பாலும் கீ அங்கே இருக்கும். ஒரு நோட்டுல எழுதி, பேங்க் பாஸ்புக்கோட சேர்த்து வைங்க. ஆபீஸ் லேப்டாப்னா கீ ஐடி டீம்கிட்ட இருக்கும். அதை லோக்கல் கடையில கழட்டவே விடாதீங்க.

செலவில்லாம செய்யக்கூடியது, வரிசையா

1. காத்திருங்க. திரையில சதவீதம் ஓடிக்கிட்டு இருந்தா பவர் பட்டனைத் தொடாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சார்ஜர் போட்டே இருக்கட்டும்.

2. அசைவே இல்லைன்னா, பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ் எல்லாத்தையும் பிடுங்குங்க. பவர் பட்டனை அணையுற வரைக்கும் அழுத்திப் பிடிச்சு, திரும்ப ஆன் பண்ணுங்க.

3. ரெண்டு மூணு தடவை பூட் ஆகாம போனா ரெகவரி திரை தானா வரும். ‘ட்ரபிள்ஷூட்’, அதுல ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போங்க. முதல்ல ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’.

4. அதுக்கும் வரலைன்னா, அதே இடத்துல ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்டை எடுத்துடுங்க. லேப்டாப் ஆன் ஆனதும் அப்டேட்டை ஒரு வாரம் ‘பாஸ்’ பண்ணி வைங்க. நிரந்தரமா நிறுத்தாதீங்க, நெட் பேங்கிங் பண்ற மெஷின் அது.

5. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறினதுல பிரச்சனைன்னா, 10 நாளுக்குள்ள பழைய வெர்ஷனுக்கே திரும்பிப் போகலாம்.

6. இதுக்கும் மசியலைன்னா ‘ரீசெட் திஸ் பிசி’. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுங்க. நாம போட்ட சாஃப்ட்வேர் போயிடும், சொந்த ஃபைல்கள் இருக்கும்.

ஆன் ஆகுது, ஆனா ஆமை வேகம்?

அப்டேட்டுக்கு அப்புறம் முதல் ஒண்ணு ரெண்டு தடவை மெதுவா இருக்கிறது சகஜம். அதுக்கு மேலயும் தொடர்ந்தா டாஸ்க் மேனேஜரைத் திறங்க. ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ல தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்க. சி டிரைவ் நிறைஞ்சிருந்தா காலி பண்ணுங்க.

டிஸ்க் எப்பவும் 100 சதவீதம் காட்டுதா? உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி-க்கு மாத்துங்க. பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. ரேம் 4 ஜிபி-ன்னா 8 ஆக்க முடியுமான்னும் கேளுங்க. விலை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு, அதனால ரெண்டு கடையில கொட்டேஷன் வாங்குங்க. கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிடுங்க: “டேட்டா எடுக்காம ஃபார்மட் பண்ணாதீங்க.” ஃபார்ம் 16, பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், குழந்தையோட போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. லேப்டாப்பை இன்னொண்ணு வாங்கலாம், இதையெல்லாம் வாங்க முடியாது.

“விண்டோஸ் 10 செத்துப்போச்சு சார்”

இதையும் சொல்லி விப்பாங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சது உண்மை. ஆனா அன்னைக்கே மெஷின் நின்னுடல. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கு. செட்டிங்ஸைக் கிளவுட்ல பேக்கப் பண்ணினா கட்டணம் இல்லாமலே சேரலாம். புதுசு வாங்கியே ஆகணும்னாகூட, மாசாமாசம் 4,000 ஆர்டி போட்டுச் சேர்க்க அவகாசம் கிடைக்கும். அதே 4,000-தான். இஎம்ஐ-யா கட்டினா கடன், ஆர்டி-யா போட்டா நம்ம பணம்.

மதர்போர்டு போயிருந்தா, இல்ல ரிப்பேர் செலவு புது லேப்டாப் விலையில பாதியைத் தொட்டா, அப்போ புதுசு வாங்குறது நியாயம். அது வரைக்கும் பொறுங்க.

இன்னைக்கு ராத்திரி 15 நிமிஷம்

ரெகவரி கீயை எழுதி வைங்க. முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவ்லயும் கிளவுட்லயும் போடுங்க. அப்டேட்டை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போடாம, சனிக்கிழமை காலையில போடுங்க. ஏதாவது ஆனாலும் சரி பண்ண ரெண்டு நாள் கையில இருக்கும்.

எமர்ஜென்சி ஃபண்ட் வைக்கிற மாதிரிதான் இதுவும். ஒரே வித்தியாசம், இதுக்குப் பணம் தேவையில்லை.

ரெகவரி திரையில எந்த பட்டன் எங்கே இருக்குன்னு நம்ம சேனல் வீடியோவுல காட்டியிருக்கோம். லேப்டாப் ஓடும்போதே ஒரு தடவை பார்த்து வெச்சுக்கங்க.